கையைக் கழுவினால் கொக்கிப்புழு போகுமா?

குடற்புழு நீக்கத் திட்டம் – ஒரு விமர்சனம்

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு. ஏரி, படகு, கோடை விழா ஆகியவற்றைப் பார்த்துவிட்டு நம்மில் பலர் அங்கிருந்தே திரும்பிவிடுகிறோம். ஆனால் சேர்வராயன் மலை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. காப்பித் தோட்டங்களுக்கு அப்பால், ஓடைகளையும் சரிவுகளையும் ஒட்டி, செம்மநத்தம் போன்ற சிற்றூர்கள் பல இருக்கின்றன. திருமணிமுத்தாறும் வாணியாறும் பிறப்பது இம்மலையில்தான். இவ்வூர்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்று வழங்கப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு இவர்களைக் கேரள மக்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். சேர்வராயன் மலையில் மட்டுமன்றிக் கல்வராயன், கொல்லி, பச்சை, ஜவ்வாது மலைகளிலும் இவர்கள் வாழ்கின்றனர்.

ஆண்டுக்கு இருமுறை, மலையிலும் சமவெளியிலும் உள்ள பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஒரு காட்சியைக் காணலாம். குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளை மாத்திரை. மென்று விழுங்கச் சொல்கிறார்கள். அது 400 மில்லிகிராம் அல்பெண்டசோல். ஒன்று முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கு அரை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறார்கள். இதுவே தேசியக் குடற்புழு நீக்க நாள். 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 11 மாநிலங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த திட்டம். 1 முதல் 19 வயது வரை உள்ள அனைவரும் இதன் இலக்கு. உலகில் இவ்வகைத் திட்டங்களுள் மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று.

இத்திட்டம் நல்ல திட்டமே. மலிவானது, மருந்தும் பெரும்பாலும் தீங்கற்றது. எனினும் நல்ல திட்டம் என்பதற்காக அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடலாகாது. யாரிடம் உள்ள புழுவை இது நீக்குகிறது? யாரிடம் உள்ள புழுவை விட்டுவிடுகிறது? ஓடையோர மலையூர்களை மனத்தில் கொண்டு இக்கேள்விகளை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று புழுக்கள், ஒரே பெயர்

குடற்புழு என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது உண்மையில் பல உயிரினங்களை. அவற்றுள் மண்ணின் வழியாகப் பரவுபவை முக்கியமாக மூன்று: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. உருண்டைப்புழுவைத்தான் நம் ஊர்களில் நாக்குப்பூச்சி என்பார்கள். உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்கள் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றையாவது தம் குடலில் சுமந்து திரிகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

மூன்றும் மலத்தோடு மண்ணுக்கு வருகின்றன என்பது உண்மை. ஆனால் மண்ணிலிருந்து மனிதனுக்குத் திரும்பும் வழி ஒன்றன்று. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் முட்டை வடிவில் வாய் வழியே புகுகின்றன. அழுக்கு விரல், கழுவாத காய்கறி, மண் படிந்த உணவு ஆகியவையே அவற்றின் வாகனம். கொக்கிப்புழுவின் முட்டையோ மண்ணிலேயே பொரிந்துவிடுகிறது. அதிலிருந்து வரும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது.

இனி நம் பள்ளிச் சுவரில் உள்ள விளம்பரத்தைப் பாருங்கள். சாப்பிடுமுன் கை கழுவுக, நகத்தை வெட்டுக, காய்கறியைக் கழுவுக என்ற அறிவுரைகளே பெரும்பாலும் முன்னே நிற்கும். இவை உருண்டைப்புழுவுக்குப் பொருந்தும். கொக்கிப்புழுவுக்கு அவ்வளவாகப் பொருந்தா. மனிதரைத் தாக்கும் கொக்கிப்புழுக்களில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. ஆங்கிலோஸ்டோமா டியோடினேல் என்ற இனம் தோல் வழியாகவும் வாய் வழியாகவும் வரக்கூடும். தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் நெகேட்டர் அமெரிக்கானஸ் என்ற இனத்துக்குத் தோலே வாயில். நாள் முழுதும் கையைக் கழுவிக்கொண்டிருந்தாலும் இந்தப் புழு காலின் வழியே வந்துவிடும். இந்த வேறுபாட்டை மாணவர்க்குச் சொல்லாமல், எல்லாப் புழுவுக்கும் ஒரே அறிவுரையைக் கூறுவது நம் சுகாதாரக் கல்வியின் முதற் குறை.

இப்புழு தோலைத் துளைத்து நுழைகிறது என்ற உண்மை தற்செயலாக வெளிப்பட்டது. 1898-இல் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இளம்புழுக்கள் உள்ள நீரைத் தவறுதலாகத் தம் கைமேல் சிந்திவிட்டார். சிறிது நேரத்தில் அவ்விடம் சிவந்து அரித்தது. நீரை நோக்கினால் அதில் இருந்த புழுக்கள் மறைந்துவிட்டிருந்தன. பின்னர் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் தோன்றின. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த உண்மை இது.

நீரில் அன்று, கரையில்

ஓடையோர ஊர்களில் இப்புழு ஏன் செழிக்கிறது? ஓடை நீரில் புழு இருக்கிறது என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. கொக்கிப்புழு முட்டை பொரிவதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். நீரில் மூழ்கிய மண்ணில் அது வளராது. வெயிலில் காய்ந்த வெட்டவெளியிலும் வாழாது. அதற்கு வேண்டியவை ஈரம், நிழல், இதமான வெப்பம், பொலபொலவென்ற மண். ஓடைக்கு அருகில் மரநிழலில் உள்ள மண்ணில் இவை நான்கும் ஒருங்கே அமைகின்றன. நிழல் மரங்களின் கீழ் இலைச்சருகு மூடிக் கிடக்கும் காப்பித் தோட்டத்து மண்ணும் அப்படித்தான்.

மனிதரின் பழக்கமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. கழிப்பறை இல்லாத ஊரில் மக்கள் எங்கே ஒதுங்குவர்? மறைவும் வேண்டும், கழுவ நீரும் வேண்டும். ஆகவே ஓடைக்கு அருகிலுள்ள புதரே வசதியான இடம். துணி துவைக்கவும், குளிக்கவும், குடிநீர் எடுக்கவும், ஆடுமாடுகளுக்கு நீர் காட்டவும் அதே தடத்தில்தான் நடக்க வேண்டும். மலம் கழிக்கும் நிலமும் மக்கள் நடக்கும் நிலமும் ஒன்றாகிவிடுகின்றன. கொக்கிப்புழுவுக்கு வேண்டியது அதுவே.

மலத்தோடு விழும் முட்டை ஓரிரு நாளில் பொரிகிறது. 5 முதல் 10 நாளுக்குள் இளம்புழு தோலைத் துளைக்கும் ஆற்றலைப் பெறுகிறது. சூழ்நிலை ஒத்துவந்தால் 3 முதல் 4 வாரம் வரை மண்ணில் காத்திருக்கும். கால் பட்டதும் விரலிடுக்கின் மெல்லிய தோல் வழியே நுழையும். அப்போது அரிப்பும் சிறு தடிப்பும் உண்டாகும். சேற்றுப்புண் என்று எண்ணி மக்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. உள்ளே சென்ற புழு இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாய் வழியாக ஏறித் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்கிறது. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. சில வாரங்களில் முட்டையிடத் தொடங்கும் புழு, சில ஆண்டுகள் வரை அங்கேயே குடியிருக்கும்.

காலில் செருப்பு அணிக என்ற அறிவுரை இதற்குத் தரப்படுகிறது. நல்லதே. ஆனால் ஓடையில் இறங்குகிறவர் செருப்பைக் கரையில் கழற்றி வைக்கிறார். சரிவில் சுமை தூக்கி ஏறுகிறவருக்கு ஈரத்தில் வழுக்கும் ரப்பர் செருப்பு உதவாது. களையெடுப்பவர் கையாலும் மண்ணைத் தொடுகிறார். மலையூரின் வேலையை அறியாமல் எழுதப்பட்ட அறிவுரை மலையூரில் நிற்பதில்லை.

இரத்தத்தில் ஒரு கணக்கு

கொக்கிப்புழு ஒருவரை உடனே கொல்வதில்லை. ஆகவே அது செய்தியாவதுமில்லை. அதன் கொடுமை மெல்ல நடப்பது. ஒரு சிறு கணக்கால் இதை அறியலாம்.

நெகேட்டர் இனப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஒரு பெண்ணின் குடலில் 100 புழுக்கள் இருப்பதாகக் கொள்வோம். இழப்பு நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 3 மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சோறும் களியும் உண்டு வாழும் ஒருவரின் குடல் நாள்தோறும் உணவிலிருந்து உறிஞ்சும் இரும்பு பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம்தான். இழந்த இரும்பில் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மையே. அப்படியிருந்தும் மாதவிடாய், கர்ப்பம், பாலூட்டல் என்று ஏற்கெனவே இரும்பை இழக்கும் பெண்ணுக்கு வரவும் செலவும் ஒருபோதும் ஒத்துவருவதில்லை. பற்றாக்குறை மாதந்தோறும் வளர்ந்து இரத்தச் சோகையில் முடிகிறது.

2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருந்தது. இதற்கெல்லாம் கொக்கிப்புழுவே காரணம் என்று கூறுவது தவறு. உணவில் இரும்புக் குறைவு, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு எனக் காரணங்கள் பல. ஆனால் ஈரமண்ணில் வெறுங்காலோடு உழைக்கும் ஊர்களில் இப்புழுவைக் கணக்கில் எடுக்காமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்தால், ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதையாகிவிடும்.

விடுபட்டவர் யார்?

இனித் திட்டத்தின் நடு மையமான குறைக்கு வருவோம். உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் மிகுதி. அவற்றுக்குப் பள்ளியில் மாத்திரை கொடுப்பது அறிவுக்குப் பொருத்தமானது. கொக்கிப்புழுவின் வழக்கம் வேறு. வயது ஏற ஏற அது மிகுகிறது. உழைக்கும் வயதினரிடம் நிலைபெறுகிறது. ஆகவே பள்ளியில் கூடும் பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், புழுக்களின் பெரிய சேமிப்பு தொடப்படாமல் தப்பிவிடும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் 100 பேரிடம் கொக்கிப்புழு இருப்பதாகவும், அவர்களில் 25 பேர் பிள்ளைகள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவர் விடாமல் 25 பேரும் மாத்திரை விழுங்கிவிட்டனர். பதிவேட்டில் வெற்றி நூற்றுக்கு நூறு. ஒருவேளை அல்பெண்டசோல் கொக்கிப்புழு உள்ளவர்களில் சுமார் 80 விழுக்காட்டினரைக் குணப்படுத்தும். அதன்படி 20 பிள்ளைகள் நலமடைவர். மற்ற 5 பேரிடமும் புழுக்கள் குறையும். ஆனால் 75 பெரியவர்களிடம் ஒரு புழுவும் குறையவில்லை. ஒருவரிடம் 20 பெண் புழுக்கள் இருந்து, ஒவ்வொன்றும் நாளுக்கு 5,000 முட்டை இட்டால், அவர் ஒருவரே ஒரு நாளில் ஒரு லட்சம் முட்டைகளை வெளியேற்றுவார். 75 பேரும் சேர்ந்தால் 75 லட்சம். குணமடைந்த பிள்ளை மறுநாள் ஓடைக்குப் போகும்போது மிதிப்பது அந்த மண்ணைத்தான்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று என்பதற்கு ஜவ்வாது மலை சான்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் ஜவ்வாது மலையிலும் சமவெளியிலுள்ள திமிரி வட்டாரத்திலும் பல ஆண்டுகளாகக் குடற்புழுக்களை ஆராய்ந்து வருகின்றனர். 2017-இல் பெனின், மலாவி ஆகிய ஆப்பிரிக்க நாடுகளோடு இவ்விரு பகுதிகளிலும் டிவார்ம்-3 என்னும் பெரிய ஆய்வு தொடங்கியது. ஊர்களை 40 தொகுதிகளாகப் பிரித்து, பாதியில் வழக்கமான பள்ளித் திட்டம், மறுபாதியில் குழந்தை முதல் முதியவர் வரை ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை மருந்து என்று மூன்றாண்டுகள் ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் அமைப்பு. தொடக்கக் கணிப்பிலேயே தெளிவான செய்தி கிடைத்தது. இப்பகுதியில் மேலோங்கி நிற்பது கொக்கிப்புழு. அதைச் சுமப்போரில் பெரியவர்களே மிகுதி. ஜவ்வாது மலையில் வாழ்வோரும் சேர்வராயன் மலையில் வாழ்வோரும் ஒரே இனத்தவர். ஒரே வகையான நிலம், ஒரே வகையான உழைப்பு. ஆகவே ஜவ்வாது மலையின் பாடம் ஏற்காட்டு மலையூர்களுக்கும் எச்சரிக்கையாகும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பிள்ளைகளோடு நிற்கவில்லை. நோய்த்தொற்று 20 விழுக்காட்டை எட்டும் இடங்களில் பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களுக்கும் மருந்து கொடுக்க அது பரிந்துரைக்கிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் கூடாது. தமிழ்நாடு இத்திசையில் ஓர் அடி எடுத்துவைத்து, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அல்லாத 20 முதல் 30 வயதுப் பெண்களையும் மாத்திரை நாளில் சேர்த்துக்கொண்டது. பாராட்டத்தக்க செயல். ஆனால் 31 வயதில் தோட்டத்தில் களையெடுப்பவர் என்ன ஆவார்? அவருடைய கணவர்? அவருடைய மாமியார்? புழுவுக்கு வயது வரம்பு தெரியாது.

ஒரு நூற்றாண்டுப் பழைய பாடம்

இந்தப் பிழை புதியதன்று. தமிழர்களே இதற்குச் சான்றாக இருந்திருக்கிறார்கள். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர்ச் சென்னை மாகாணத்திலிருந்து பல்லாயிரம் தொழிலாளர்கள் இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்களில் பெரும்பான்மையோரிடம் கொக்கிப்புழு இருந்தது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1916-இல் அத்தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமில், கப்பலேறுமுன்பே தொழிலாளருக்குப் புழு மருந்து கொடுக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது.

அக்காலத்து மருந்துகள் கடுமையானவை. தைமால், கீனோபோடியம் எண்ணெய், பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு. குமட்டலும் மயக்கமும் உண்டாகும், கல்லீரலுக்கும் தீங்கு. சென்னை மாகாணத்தில் கே. எஸ். மஸ்கர், பாதிரியார் கேயஸ் ஆகியோர் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்மருந்துகளின் ஆற்றலை ஒன்றோடொன்று ஒப்பிட்டு விரிவாக ஆராய்ந்தனர். மருந்து புழுவை வெளியேற்றியது, அதில் ஐயமில்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்கள் திரும்பிச் சென்றது கழிப்பறை இல்லாத அதே லயன் வீடுகளுக்கு. சில மாதங்களில் புழு மீண்டும் வந்தது. கழிப்பறை கட்டித்தரச் செலவிடத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். மருந்துக்கு ஆகும் செலவு குறைவு. உழைப்பாளி விரைவில் வேலைக்குத் திரும்புவார். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இன்று மருந்து நல்லதாகிவிட்டது. நோக்கமும் மாறிவிட்டது, உழைப்பைப் பெருக்குவதற்காக அன்றி, குழந்தை நலத்துக்காக மாத்திரை தரப்படுகிறது. ஆனால் மருந்து மலிவு, மண்ணைத் திருத்துவது செலவு என்ற அந்தப் பழைய கணக்கு மட்டும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

ஆய்வாளர்களின் சச்சரவு

மாத்திரையின் பயன் பற்றி அறிவியலார் நடுவிலேயே கருத்து வேறுபாடு உண்டு. கென்யாவின் புசியா மாவட்டத்தில் 75 பள்ளிகளில் நடந்த சோதனை பற்றி எட்வர்டு மிகுவல், மைக்கேல் கிரீமர் என்ற பொருளியலார் 2004-இல் எழுதினர். புழு நீக்க மருந்தால் பள்ளிக்கு வராமை கால்பங்கு குறைந்தது என்றனர். இக்கட்டுரை பல நாடுகளில் இவ்வகைத் திட்டங்களுக்கு ஊக்கம் தந்தது. 2015-இல் வேறு அறிஞர்கள் அதே புள்ளிவிவரத்தை மறுபடி கணக்கிட்டுச் சில பிழைகளைச் சுட்டிக்காட்டினர். விவாதம் பெருத்தது.

நம் நாட்டிலும் ஒரு மாபெரும் சோதனை நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1999 முதல் 2004 வரை, அங்கன்வாடிகளின் வழியாக, சுமார் பத்து லட்சம் சிறு குழந்தைகளைக் கொண்டு நடந்த அச்சோதனையின் முடிவு 2013-இல் வெளிவந்தது. மருந்து பெற்ற பகுதிகளில் மலத்தில் புழு முட்டை காணப்பட்டோர் 36 விழுக்காட்டுக்குப் பதிலாக 16 விழுக்காடாக இருந்தனர். ஆனால் எடை, உயரம், உயிரிழப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பல சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுகளும், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக மருந்து தருவதால் சராசரியாகக் கிடைக்கும் நன்மை சிறிது அல்லது இல்லை என்றே கூறின.

இதைக் கொண்டு மாத்திரை வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. சராசரி என்பது ஏமாற்றக்கூடியது. புழுவே இல்லாத பிள்ளையையும் ஐந்தாறு புழு உள்ள பிள்ளையையும் இருநூறு புழு உள்ள பிள்ளையையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால், மூன்றாம் பிள்ளை அடைந்த பெரும் நன்மை முதல் இருவரிடையே கரைந்துபோகும். புழுக்கள் ஊரில் சமமாகப் பரவியிருப்பதில்லை. சிலரிடம் மிகுதியாகக் குவிந்திருக்கும். ஊர்களுக்கிடையிலும் அப்படியே. மேலும், இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் எடையை அளந்து, முப்பது வயதுத் தோட்டத் தொழிலாளியின் இரத்தத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற இயலாது. இரு தரப்பினரும் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியே வாதிட்டனர். கொக்கிப்புழுவின் உண்மையான இருப்பிடம் விவாதத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

கழிப்பறை கட்டிவிட்டால் போதுமா?

மாத்திரை போதாது என்றால் கழிப்பறைதான் விடை என்று தோன்றும். எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும் அல்லவா? ஆனால் இதிலும் அவசரப்படலாகாது. ஒடிசாவின் புரி மாவட்டத்தில் 100 சிற்றூர்களைக் கொண்டு நடந்த சோதனை 2014-இல் வெளிவந்தது. பாதி ஊர்களில் கழிப்பறை கட்டும் வேலை முடுக்கிவிடப்பட்டது. கழிப்பறை உள்ள வீடுகள் சராசரி 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காடாக உயர்ந்தன. ஆயினும் வயிற்றுப்போக்கும் குறையவில்லை, புழுத்தொற்றும் குறையவில்லை. பல கழிப்பறைகள் பயன்படுத்தத் தக்க நிலையில் இல்லை. இருந்தவற்றையும் எல்லோரும் எல்லா நேரமும் பயன்படுத்தவில்லை.

மலையூரில் இது இன்னும் கடினம். பாறையில் குழி தோண்டுவது எளிதன்று. ஓடையிலிருந்து குடத்தில் நீர் சுமக்கும் வீட்டில், கழிப்பறைக்கு ஊற்றும் ஒவ்வொரு வாளி நீரும் ஒரு பெண்ணின் இடுப்பில் ஏறி வந்ததுதான். நாள் முழுதும் தோட்டத்தில் இருப்பவருக்கு வீட்டுக் கழிப்பறை எப்படி உதவும்? 2019 அக்டோபரில் நாட்டுப்புற இந்தியா முழுவதும் திறந்தவெளி மலங்கழிப்பு ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதையொட்டி நடந்த ஐந்தாம் குடும்பநல ஆய்விலோ நாட்டின் 19 விழுக்காடு வீடுகளுக்குக் கழிப்பறை வசதி ஏதும் இல்லை என்று தெரிந்தது. கட்டியதை எண்ணுவது வேறு. பயன்படுவதை எண்ணுவது வேறு.

வென்றவர்கள் எப்படி வென்றனர்?

குடற்புழுவை வென்ற நாடுகள் உண்டு. தென்கொரியாவில் 1971-இல் நடந்த நாடளாவிய கணிப்பில் 84.3 விழுக்காட்டு மக்களிடம் புழு முட்டைகள் காணப்பட்டன. 1997-இல் அது 2.4 விழுக்காடாயிற்று. இடையே என்ன நடந்தது? 1966-இல் ஒட்டுண்ணி நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் மலத்தை ஆண்டுக்கு இருமுறை சோதித்து, புழு உள்ளவர்க்கு மருந்து கொடுத்தனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா வயதினரிடமும் கணிப்பு எடுத்தனர். மனித மலத்தை வயலுக்கு எருவாக இடும் பழக்கம் மறைந்தது. வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. மருந்து, சோதனை, சுகாதாரம், வருவாய் ஆகிய நான்கும் சேர்ந்து இழுத்ததால்தான் தேர் நகர்ந்தது.

கொரியரிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் எண்ணியது புழு முட்டையை. நாம் எண்ணுவது மாத்திரையை. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இத்தனை கோடிப் பேர் விழுங்கினர் என்ற அறிவிப்பு வருகிறது. பல மாநிலங்களில் தொற்று குறைந்திருப்பதாக மத்திய அரசின் கணிப்புகள் காட்டியுள்ளன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அவையும் பள்ளிச் சிறாரை அடிப்படையாகக் கொண்டவை. மாநிலச் சராசரியில் ஒரு மலையூர் காணாமற் போவது எளிது.

என்ன செய்யலாம்?

திட்டத்தை நிறுத்துக என்று இக்கட்டுரை கூறவில்லை; அதை முழுமையாக்குக என்றே கூறுகிறது. முதலாவதாக, சேர்வராயன், ஜவ்வாது, கல்வராயன் போன்ற மலைகளில் எல்லா வயதினரின் மலத்தையும் மாதிரியாகச் சோதித்து, எந்தப் புழு, யாரிடம், எவ்வளவு என்று அறிய வேண்டும். ஒரு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஆய்வக நுட்பரும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தால் இது இயலும். இரண்டாவதாக, கொக்கிப்புழு மிகுந்த ஊர்களில் மாத்திரை நாள் பள்ளி வாசலோடு நிற்காமல் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் செல்ல வேண்டும். மூன்றாவதாக, இரத்தச் சோகை கண்ட பெண்ணுக்கு இரும்பு மாத்திரையோடு புழு பற்றிய கேள்வியும் கேட்கப்பட வேண்டும். நான்காவதாக, கழிப்பறையோடு நீரும் வர வேண்டும். வேலை நடக்கும் தோட்டத்திலும் கழிப்பறை இருக்க வேண்டும். ஐந்தாவதாக, பள்ளிச் சுவரிலுள்ள விளம்பரம் கையோடு காலையும் பேச வேண்டும்.

இக்கடைசி வேலையை மாணவர்கள் இன்றே தொடங்கலாம். உங்கள் பள்ளியில் குடற்புழு பற்றிய சுவரொட்டி இருந்தால் அதை நின்று படியுங்கள். அது எந்தப் புழுவைப் பற்றிப் பேசுகிறது? உங்கள் ஊரில் எந்தப் புழு இருக்கக்கூடும்? உங்கள் ஊர் மக்கள் வெறுங்காலோடு நடக்கும் ஈரநிலம் எது? ஆசிரியரிடம் கேளுங்கள், வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள். வீட்டில் வெளிறிய முகத்தோடு, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் அம்மாவோ அத்தையோ இருந்தால், அவரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை உங்கள் கைக்கு வந்துவிட்டது. அது அவர் கைக்கும் எட்டும் நாளில்தான் இத்திட்டம் தன் பெயருக்கு ஏற்றதாகும்.